அந்தக் கழுத்து அக்காவுடையது அல்ல

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அண்ணன் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள். அக்கா கடைசி நாட்களில் தன் குற்றத்தை உணர்ந்து, கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டு, சபையோடு ஒப்புரவாகி நித்திரையடைந்தார்கள் என்று அதில் இருக்கிறது. அடக்க ஆராதனையிலும் அண்ணன் இதையே மைக்கில் சொன்னார். அது பொய். அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன், இனி முடியாது. கூடப் பிறந்த தங்கை என்ற முறையில் எனக்கும் இதில் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தை இதற்குத்தான் செலவழிக்கப் போகிறேன்.

முறைப்படி பிறப்பிலிருந்து வருகிறேன். அக்கா பாறசாலைக்குப் பக்கத்தில் பிறந்தார்கள். அப்பாவுக்குக் கொத்தனார் வேலை. வேலை திருவனந்தபுரத்தில் கிடைத்ததால் எங்களை எல்லாம் அழைத்துக்கொண்டு நேமத்துக்கு வந்து வாடகை வீடு பிடித்தார். சாரத்திலிருந்து விழுந்து அவர் படுத்த படுக்கையானபோது அக்கா படிப்பை முடித்து, கரமனையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார்கள். எங்கள் இருவருக்கும் மூத்தவரான அண்ணன் தொழிற்கல்வி படித்தது அந்தச் சம்பளத்தில். எனக்குக் கல்யாணம் நடந்தது அந்தச் சம்பளத்தில். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது, ஒரு மாப்பிள்ளையின் பெயரைச் சொன்ன சொந்தக்காரரும் கிடையாது. என் கணவர் காலமான பிறகு நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தோம்.

நம் சபையில் யாரும் நகை போடுவதில்லை. இந்த மலரை வாங்கும் மற்ற நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஞானஸ்நானத்துக்கு முன்பே கம்மல், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம். அக்கா பள்ளிக்கூட வயதிலேயே கழற்றினார்கள். அதன் பிறகு குண்டுமணி தங்கம்கூட அவர்கள் உடம்பில் ஏறியதில்லை.

ஆனால் மணி கோர்ப்பது அவர்களுக்குப் பிடித்துப்போனது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு யாரோ பள்ளிக்கூட டீச்சர் கற்றுக்கொடுத்தார். சாலைக் கடைத்தெருவில் கண்ணாடி மணியும் மர மணியும் வாங்குவார்கள். கோர்க்கிற நூல் அறுந்து அறுந்து போகிறது என்று விழிஞ்ஞத்துக்குப் போய், மீன்காரர்கள் தூண்டிலுக்கு வாங்குகிற நைலான் நரம்பை ஒரு சுருள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பகல் முழுக்கக் கோர்ப்பார்கள். மறுநாள் காலையில் போட்டோ எடுப்பார்கள். எடுத்து முடித்ததும் அறுத்து, மணிகளை நிறம் பிரித்து ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டுவிடுவார்கள். வீட்டில் நகை இருக்கக் கூடாது, அதே மணியில் அடுத்த மாலையும் கோர்க்க வேண்டும். எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. சாம்பாரில் ஒரு பச்சை மணி கிடந்த அன்று வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

போட்டோவுக்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாலையைத் தரையில் விரித்து எடுத்தால் செத்த பாம்பு மாதிரி கிடக்கிறது என்றார்கள். புடவைமேல் போட்டுப் பார்த்தார்கள், பைபிள் அட்டைமேல் போட்டுப் பார்த்துவிட்டு அவர்களே பயந்து எடுத்துவிட்டார்கள். மாலை என்றால் தொங்க வேண்டும், தொங்க ஒரு கழுத்து வேண்டும். தன் கழுத்தில் போட மாட்டார்கள், என் கழுத்தையும் கேட்கவில்லை. கடைசியில் சமையலறையில் குடிதண்ணீர் வைக்கிற மண்கூஜாவை எடுத்தார்கள். அதன் கழுத்துக்கும் தோளுக்கும் தேங்காயெண்ணெய் தடவினார்கள். பின்கட்டில் ஸ்டூல்மேல் வைத்து, மழை விட்ட வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு தெர்மோகோல் மூடியைச் சாய்த்து, வாயும் வயிறும் தெரியாமல் கிட்டப்போய் எடுத்தார்கள். எண்ணெய் பட்ட மண் மாநிறத்துத் தோலாகவே மின்னியது. சூளையில் பட்ட ஒரு கரும்புள்ளி மச்சம் மாதிரி இருந்தது.

அடுத்த வீட்டு சேச்சி போனில் பார்த்துவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தார். "இந்த கூஜாய்க்கு கல்யாண ஆலோசன வருமல்லோ அக்கா," என்றார், கூஜாவுக்கு வரன் தேடி வருமாம். அக்காவுக்கு அன்று முகமெல்லாம் சந்தோஷம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார்கள். தவறு என்றால் அப்படிப் போட்டதுதான் தவறு.

அதை அண்ணி பார்த்தார், அண்ணனிடம் காட்டினார். அண்ணன் சபையில் மூப்பர். தன் தங்கைக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்க அவருக்கு நேரமில்லை, படத்தைத் தூக்கிக்கொண்டு கமிட்டிக்குப் போக நேரமிருந்தது. அங்கே அவர் சொன்னதை இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள்: "எனக்க தங்கச்சிக்க களுத்து எனக்கு தெரியாதா? அம்மைக்கு இருந்த மச்சம் அப்பிடியே இருக்கு." தீர்ப்பு ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்பும் வாசிக்கப்பட்டது. அக்கா ஆபரணம் அணிந்ததை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்கும்வரை அவர்களுக்குத் திருவிருந்து கிடையாது, கடைசி பெஞ்சில் உட்காரலாம்.

அக்கா உட்கார்ந்தார்கள். ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. அப்பமும் திராட்சரசமும் பெஞ்சு பெஞ்சாக வரும், அக்காவைத் தாண்டிப் போகும். தட்டை ஏந்திக்கொண்டு வந்தவர்களில் பாதிப்பேர் அக்கா கையால் சோறு தின்றவர்கள். ஒருவராவது ஒரு கணம் தயங்கி நின்றார்களா என்றால் இல்லை. வீட்டுக்கு வந்து அக்கா கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்கள். அவர்களுக்கு மணியோ படமோ பெரிதல்ல, அந்த ஒரு துண்டு அப்பம்தான் பெரிது.

"கூஜாவ தூக்கிட்டுப் போய் அவனுவ முன்னால வைக்கேன்," என்று நான் குதித்தேன்.

"நீ போனா ஒனக்க கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன், கேட்டியா," என்றார்கள் அக்கா. "ஒருத்தன் வந்து, நீ போட்டியான்னு கேக்கட்டு. சொல்லுவேன். தீர்ப்ப எழுதி வச்சிட்டு வாறவன்கிட்ட என்னத்த சொல்லுக்கு?"

யாரும் வரவில்லை. அதற்குள் நோய் வந்துவிட்டது. வயிற்றில் கட்டி, அறுத்தும் பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாஸ்டரும் அண்ணனும் வந்தார்கள். அண்ணன் கையில் ஒரு துணிப்பை, உள்ளே அப்பமும் சிறிய பாட்டிலில் திராட்சரசமும். ஒரு வார்த்தை சொன்னால் இப்போதே கொடுத்துவிடலாம் என்றார். அக்காவின் கண் அந்தப் பையைவிட்டு நகரவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் போடல்ல," என்றார்கள் அக்கா.

"படம் இருக்கே."

"அது எனக்க களுத்து இல்ல."

"பின்ன யாருக்க களுத்து? மச்சம்கூட தெரியுது."

நான் சொல்லிவிட்டேன். "அண்ணா, அது மண்கூஜா. அடுக்களையில இருக்கு, எடுத்துட்டு வாறேன்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாகக் கெடக்கிய நேரத்துலயும் ரெண்டுபேரும் சேந்து கேலி பேசுதியளா?" என்றார். பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அண்ணன் விடவில்லை. அடுக்களை பத்தடி தூரம்கூட இல்லை. எழுந்து போய் ஒரு பார்வை பார்க்க அவர் தயாராக இல்லை.

"படத்துல கெடக்கது குத்தம்னா, அப்பத்தையும் அந்தப் படத்துக்கே குடு," என்று சொல்லிவிட்டு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பை வந்தபடியே திரும்பிப் போனது. அந்த வாரமே அக்கா போய்விட்டார்கள்.

உடம்பைத் துடைத்துச் சேலை கட்டியது நானும் சேச்சியும். அக்காவின் கழுத்தில் மச்சம் கிடையாது. அம்மாவுக்கு இருந்தது, அக்காவுக்கு இல்லை. பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் வளர்ந்த, தன்னைப் படிக்கவைத்த தங்கையின் கழுத்தில் மச்சம் உண்டா இல்லையா என்பது அண்ணனுக்குத் தெரியவில்லை. திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் அவர் மைக்கில் அந்தப் பொய்யைச் சொன்னார். குனிந்து பார்த்திருந்தால் போதும். சபைக் கல்லறையில் இடம் வாங்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு சித்தியிடம் சொல்லியிருக்கிறார். மூப்பரின் வீட்டுக்கு அவமானம் வரக் கூடாது என்பதற்காகச் சொன்னது அது. அக்காவுக்காக என்று என்னை நம்பச்சொல்ல வேண்டாம்.

இனி நன்றி. இரவும் பகலும் கஞ்சி வைத்துக்கொடுத்து, படுக்கை விரிப்பைத் துவைத்துத் தந்த சேச்சிக்கு நன்றி. அக்காவைப் பெயர் சொல்லி அழைத்து ஊசி போட்ட நர்சுப் பிள்ளைகளுக்கு நன்றி. அடக்கத்தன்று கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்ற, அக்காவுக்குப் பழக்கமான, மணி கோர்க்கிற பெண்களுக்கு நன்றி. அவர்களை உள்ளே வரச்சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சபையாருக்கு நன்றி சொல்லும்படி அண்ணன் எனக்கு எழுதி அனுப்பியிருந்தார். சொல்ல மாட்டேன். அச்சகத்தில் தன் பக்கத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுப் போய்விட்டதால், இந்தக் கட்டுரையையும் உங்களோடு சேர்ந்துதான் அவர் படிப்பார்.

வருஷ நினைவு ஜெபம் எங்கள் வீட்டில். எல்லாரும் வாருங்கள், சாப்பாடும் உண்டு. அண்ணன் மைக்கைக் கையில் எடுத்தால், அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை என்று முதலில் சொல்லட்டும், பிறகு ஜெபத்தைத் தொடங்கட்டும். அவர் சொல்லாவிட்டால் மைக்கை நான் வாங்கிக்கொள்வேன்.