நான்கு மஞ்சள் வட்டங்கள்

என் காருக்கு என்னைவிட வயது அதிகம். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதன் சொந்த இன்ஜின் எப்போதோ உயிரை விட்டிருந்தது. அந்த இடத்தில் இந்தக் காலத்துப் பெரிய காரின் இன்ஜினைப் பொருத்திக் கொடுத்தவர் கீழ்க்கட்டளையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். அதை வைத்து நான் அடித்துக்கொண்ட பந்தா கொஞ்சமில்லை. எழுதும்போதே கூசுகிறது.

இன்ஜின் ஏறிய அன்று அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரு தகரப் பெட்டி ஓடும். கூரையில்லாத காருக்கு அதுதான் முதுகெலும்பு. அதன் நடுவில் ஜாக்கியை வைத்து லேசாகத் தூக்கினார். உள்ளே ஏதோ அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் கேட்டது. "இப்ப கதவத் தொறந்து சாத்துங்க சார்" என்றார். திறந்தது, சாத்த வரவில்லை. கார் நடுவில் வளைந்துவிட்டிருந்தது.

"உள்ள பூரா துரு கீது சார். புது இன்ஜின் வெயிட்டு வேற. இந்தப் பொட்டிய வெட்டிப் போட்டுட்டுப் புதுசா அடிக்கணும். ரெண்டு மாசம் வண்டிய வுட்டுட்டுப் போங்க."

ஆயுத பூஜைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. எங்கள் குரோம்பேட்டைத் தெருவில் அன்றைக்கு வண்டி வாசலில் நிற்காவிட்டால் வண்டியே இல்லை என்று பேசிவிடுவார்கள். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். முடியாது என்றேன்.

அவர் வாதாடவில்லை. முன்னால் இன்ஜினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் இரண்டு இடம், பின்னால் அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு இடம், தடித்த இரும்புத் தகடு வைத்து வெல்டு அடித்தார். நான்கிலும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட்டில் வட்டம் போட்டார்.

"ஜாக்கி இந்த நாலு எடத்துல மட்டும்தான் சார். ஸ்டாண்டு வெக்காம கைய வுடாதீங்க. வேற யாரு தொட்டாலும் மஞ்சளப் பாத்தா புரிஞ்சிக்குவாங்க."

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவன் காரைப் பார்த்தால் முதலில் தரையில் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானும் அப்படிக் குனிகிறவன்தான், உதட்டைப் பிதுக்குகிறவன்தான். மஞ்சள் வட்டங்கள் என் காரை ஒட்டுப்போட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். பூஜைக்கு முந்தின நாள் ஒரு டப்பா கறுப்பு ஸ்பிரே வாங்கி நான்கையும் மறைத்தேன். மறுநாள் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். கேட்டவர்களிடமெல்லாம் "சேஸிஸ் முழுக்கப் புதுசு" என்றேன்.

அடுத்த ஞாயிறு காலை கூட்டத்தோடு ஜிஎஸ்டி ரோட்டில் போனேன். பக்கத்து சீட்டில் மச்சான், என் மனைவியின் தம்பி. ஊரப்பாக்கம் தாண்டுவதற்குள் பின்சக்கரம் பஞ்சர். நான் இறங்குவதற்குள் மச்சான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தன் காருக்குச் செய்கிற மாதிரி, கதவுக்குக் கீழே அந்தத் தகரப் பெட்டிக்கு முட்டுக் கொடுத்தான்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கூட வந்த நான்கு பேரும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சுற்றி நின்றார்கள். அங்கே வைக்காதே, உள்ளே துரு என்று சொன்னால் ஒரு வாரப் பந்தா ஒரு நொடியில் போய்விடும். ரெண்டு நிமிஷ வேலைதானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டும்போது மறுபடி அந்த அப்பளச் சத்தம். ஜாக்கி தகரத்துக்குள் புகுந்துகொண்டது. கார் அவன் வலது கையின் மேல் இறங்கியது. நான்கு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

கையைத் துண்டில் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கேட்டார்: "யாரு சார் இந்த வேலை பாத்தது?"

"கீழ்க்கட்டளைல ஒரு மெக்கானிக். புதுசா போட்டேன்னு சொல்லி ஏமாத்திட்டான்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது. என்றைக்கும் அவரை 'அவர்' என்று சொல்கிறவன், அன்று 'ஏமாத்திட்டான்' என்றேன்.

மச்சானின் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மச்சான் கை நசுங்கியதைப் போனில் சொல்லிவிட்டு, காரை இழுவை வண்டியில் ஏற்றிக் கீழ்க்கட்டளைக்கு அனுப்பினேன். வேறு யார் அதைத் தொடுவார்கள்? நான் போனபோது மெக்கானிக் காருக்குக் கீழே படுத்து ஸ்குரூ டிரைவரால் சுரண்டிக்கொண்டிருந்தார். கறுப்பு உரிந்து மஞ்சள் தெரிந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தப்பித்திருப்பேன்.

"மச்சானுக்குக் கை எப்டி கீது சார்?" என்றுதான் கேட்டார்.

அன்று மதியம் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மச்சான் வலது கையில் கட்டோடு, இடது கையில் ஸ்பூனோடு இருந்தான். "மாமா, அந்த மெக்கானிக்க சும்மா விடக்கூடாது. எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். இனிமே அங்க ஒருத்தரும் வண்டி விட மாட்டாங்க" என்றான்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "போகட்டும் விடு மச்சான், அவரும் பொழைக்கணும்ல" என்றுதான் வந்தது.

"உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு மாமா" என்றான். என் மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினாள். நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.