நாலாவது நாசில்

தண்டையார்பேட்டையில் என் ஷெட்டுக்கு எதிரே அந்தத் தண்ணி லாரி வந்து நின்றபோது, முதலில் காதில் விழுந்தது அதன் சத்தம்தான். டீசல் என்ஜின் நன்றாக இருந்தாலும் கொஞ்சம் கடகடக்கத்தான் செய்யும். இது வேறு மாதிரி. இரும்புச் சட்டியைச் சுத்தியலால் தட்டுவதுபோல, கூர்மையாக, விடாமல் ஒரு தட்டல். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

லாரி என் தோஸ்துடையது. பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். சொந்தம் கிடையாது, ஆனாலும் ஒருவரையொருவர் மாமு என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். புழல் பக்கமிருந்து தண்ணீர் ஏற்றி வந்து அடுக்குமாடி வீடுகளுக்கு ஊற்றுவது அவன் பிழைப்பு. பல கை மாறி அவனிடம் வந்த பழைய வண்டி. இன்றைய லாரிகளைப்போல கம்ப்யூட்டர் எதுவும் அதில் இல்லை. ஒரு பம்ப், அதிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குழாய், குழாயின் முனையில் டீசலை உள்ளே தூவும் ஒரு நாசில். அவ்வளவுதான்.

அவன் இறங்கி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"பேரிங் பூட்ச்சுன்றான் மாமு. எண்ணூர் ரோட்டாண்ட ஒரு ஆளு பாத்தான். என்ஜின எறக்கியே ஆவணும்னு சொல்லிட்டான். எறக்கிட்டா நான் இன்னாத்த ஓட்றது? ஃப்ளாட்டுக்காரங்க அடுத்த நாளே வேற லாரி பாத்துக்குவாங்க."

"அவன் சொன்னது கெடக்கட்டும். நான் கேட்டுப் பாக்கறேன்."

வண்டியை அணைக்காமல் விடச் சொன்னேன். பேரிங் போன சத்தம் அடியிலிருந்து வரும், கனமாக இருக்கும், ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இன்னும் கனக்கும். இது மேலிருந்து வந்தது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஒவ்வொரு நாசிலின் மீதும் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். நடுவில் எங்கேயோ என்று தெரிந்தது. எது என்று உறுதியாகவில்லை.

அதற்கு ஒரு வழி உண்டு. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு குழாயின் நட்டையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அந்த சிலிண்டருக்குப் போகிற டீசல் வெளியே வழிந்துவிடும், அது வேலை செய்யாது. குற்றம் அதில்தான் என்றால் சத்தம் நிற்கும். பனியன் வேஸ்ட் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு முதல் நட்டைத் தளர்த்தினேன். என்ஜின் நொண்டியது, தட்டல் நிற்கவில்லை. இறுக்கிவிட்டு அடுத்தது. அதற்கடுத்தது. நாலாவதைத் தளர்த்தியதும் தட்டல் சட்டென்று அடங்கியது. இறுக்கினேன், திரும்ப வந்தது. மறுபடி தளர்த்தினேன், அடங்கியது.

"நின்னுட்ச்சு மாமு!" என்று அவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "பேரிங் இல்லியே? சத்தியமா பேரிங் இல்லியே?"

"இல்ல. நாசில் ஒழுகுது. அவ்ளோதான்."

அவன் அங்கேயே டயர் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அன்றைக்கு நான் அவனுக்குக் கொடுத்த சந்தோஷத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

நாலாவது நாசிலைக் கழற்றி எடுத்து, ஷெட்டின் பின்பக்கம் மேஜையில் இருந்த டெஸ்டரில் மாட்டினேன். டெஸ்டர் என்பது கையால் அடிக்கும் ஒரு சின்ன பம்ப். கைப்பிடியை அழுத்தினால், என்ஜினுக்குள் என்ன அழுத்தத்தில் டீசல் போகுமோ அதே அழுத்தத்தில் நாசில் வழியாக வெளியே வரும். நல்ல நாசில் புகைபோல தூவும். இது மூக்கொழுகுவதுபோல சொட்டியது. முனையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு முனை மாட்டி அடித்தேன். கிர்ரென்று ஒரு சத்தத்தோடு அழகாகத் தூவியது.

"நானு ஒரு தபா அடிக்கட்டா?" என்று அவன் குழந்தைபோலக் கேட்டான்.

"இரு" என்றேன். முனையில் ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால்தான் திரும்பச் சொட்டுகிறதா என்று தெரியும். இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டினேன். அவன் அதற்குள் கைப்பிடியை அழுத்திவிட்டான்.

வலி என்று சொல்ல முடியாது. எறும்பு கடித்த மாதிரி ஒன்று. கையை உதறிக்கொண்டேன்.

"இன்னா மாமு, பட்டுச்சா?"

விரலைப் பார்த்தேன். நுனியில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. "ஒன்னும் இல்ல" என்று துணியில் துடைத்துக்கொண்டேன். நாசிலை வண்டியில் மாட்டினோம். என்ஜின் சுத்தமாக ஓடியது. அவன் எனக்கும் பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் சேர்த்து டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது விரல் மரத்திருந்தது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவிதான் முதலில் பார்த்தாள். ராயபுரத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைக்கிற வேலை அவளுக்கு. தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"இன்னாயா இது, வெரலு கல்லு கணக்கா கீது? வெளுத்துப் போய்கீது."

"நாசில் பட்டுச்சு. காலைல சரியா பூடும்."

"எழுந்துரு. சோறு அப்பறம் துன்னலாம்."

தெருமுனை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த டாக்டர் புள்ளியைப் பார்த்தார், எரிகிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். டெட்டனஸ் ஊசி போட்டு, வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். டீசல் என்று நான் சொன்னேன். தோலின் மேலே பட்டது என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நானே அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

விடியும்போது கை முழங்கை வரை வீங்கிவிட்டது. நாடித் துடிப்பு விரலுக்குள் அடித்தது. ஆட்டோ பிடித்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டத்தில் ஒரு இளம் டாக்டரம்மா என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எப்படி ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன்.

"எப்போ?"

"நேத்து மத்தியானம்மா."

அவர் நேராக உள்ளே போய் ஒரு பெரிய டாக்டரை அழைத்து வந்தார். அவர் உள்ளங்கையை அழுத்தினார். நான் கத்தினேன்.

"இது வெளிக்காயம் இல்லப்பா" என்றார். "ஊசியில மருந்து ஏத்துற மாதிரி டீசல் உள்ள ஏறிடுச்சு. வெளிய தெரியறது சின்னப் புள்ளி. உள்ள உள்ளங்கை வரைக்கும் போயிருக்கு. உடனே திறந்து கழுவணும்."

"வெரலு நிக்குமா சார்?" என்று என் மனைவி கேட்டாள்.

"நேத்தே வந்திருந்தா தைரியமா சொல்லியிருப்பேன்."

கையைத் திறந்து கழுவினார்கள். கட்டுப் பிரிக்கும் அறையில் முதல் தடவை துணியை எடுத்தபோது என் கையிலிருந்தே டீசல் வாடை வந்தது. வாழ்க்கை முழுக்க அந்த வாடையோடு இருந்தவன் நான். சட்டையில், சோற்றில், தலையணையில் எல்லாம் அது இருந்திருக்கிறது. என் சதைக்குள்ளிருந்து அது வந்தபோது வாந்தி எடுத்துவிட்டேன். திரும்பத் திரும்பக் கழுவியும் விரல் கறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் அடியோடு எடுத்தார்கள். நடுவிரல் தப்பியது, ஆனால் மடங்காது.

தோஸ்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, ஆப்பிள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நீ இருன்னு சொன்ன மாமு" என்றான். "எங்காதுல வுய்ந்துச்சு. ஆனா கை அமுக்கிட்ச்சு."

"நானே ஒன்னும் இல்லன்னுதானேடா சொன்னேன்" என்றேன். அது அவனுக்குப் போதவில்லை.

நான் வீட்டுக்கு வந்த பிறகு அவன் மனைவி மீன் குழம்பு எடுத்துக்கொண்டு வந்து போய்க்கொண்டிருந்தாள். அவன் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது, தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் அவன் நிற்பதை என் மனைவி பார்த்துவிட்டாள். பொண்டாட்டியை உள்ளே அனுப்பிவிட்டு அவன் அங்கேயே நிற்பது வழக்கமாம்.

"இன்னாத்துக்கு திருடன் கணக்கா நின்னுகினு கீற? வூட்டுக்கு வா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. யார் அடித்தாலும் தலையை ஆட்டினான். என் இடது கையை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். "நல்லா ஓடுது மாமு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. வேறு எங்கோ வண்டி விடுகிறான் என்று கேள்விப்பட்டேன். நான் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

ஷெட்டை மூடவில்லை. கிரீஸ் அடிப்பது, பிரேக் பார்ப்பது, கிளட்ச் மாற்றுவது, இவையெல்லாம் முடிகிறது. நாசில் வேலை முடியாது. நாசிலுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஊசியை உருட்டி, எங்கே உரசுகிறது என்று தடவிப் பார்க்க எனக்கு இருந்தது அந்த விரல்தான். அந்த வேலைக்காகவே வருகிற டிரைவர்கள் இப்போது வேறு கடைக்குப் போகிறார்கள். என் மனைவி கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கிறாள். அங்கே முழுநாளும் பட்டன் வைத்துவிட்டு வந்து, காலையில் என் சட்டைக்கும் அவளே பட்டன் போட்டுவிட வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் அப்படிப் போட்டுவிடும்போது கேட்டேன். "அவன் மேல கோவமா ஒனக்கு?"

"அவன் மேல இன்னா கோவம்" என்றாள். கழுத்துப் பட்டனைப் போட்டு, காலரைச் சரிசெய்தாள். "கிளினிக்குலேர்ந்து வூட்டுக்கு வராம நேரா பெரியாஸ்பத்திரிக்கு இஸ்துகினு போயிருக்கணும் நானு. அத்த நெனச்சாதான் தூக்கம் வர்ல."

அவள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கு ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.