அமாவாசையன்று ஆடாத தூளி

சனிக்கிழமை காலை 7.20. தாம்பரம் நடைமேடையில் என் மகள் யாழினி தன் கேள்வித்தாளை மூன்றாவது முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. ஏதாவது ஒரு தொழிலின் ஓசையைப் பதிந்து வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். தச்சர், கொல்லர், பரோட்டா மாஸ்டர் எல்லோரையும் வகுப்பில் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டதால் எங்களுக்குப் பட்டுத்தறி மிஞ்சியது. அலுவலக நண்பர் ஒருவர் மூலமாகப் பெரிய காஞ்சிபுரத்தில் சங்கர் என்ற நெசவாளரிடம் பேசி, தேதியும் மணியும் குறித்து, போக வர ரயில்களை நோட்டில் எழுதிவைத்திருந்தேன். இரண்டு வாரத் தயாரிப்பு.

செங்கல்பட்டு வழியாகச் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். பழையசீவரம் அருகே பாலாறு தெரிந்தது. தண்ணீரே இல்லாமல் இதை எப்படி ஆறு என்று சொல்கிறார்கள் என்று யாழினி கேட்டாள். வாலாஜாபாத் வரை பதில் சொல்லியும் அவளுக்குத் திருப்தியில்லை.

9.15. காஞ்சிபுரத்தில் இறங்கி, மிளகும் சுக்கும் போட்ட இட்லியை ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். அவளுடையதிலிருந்த மிளகு முழுவதும் என் தட்டுக்கு வந்தது. ஆட்டோவுக்கு நூறு ரூபாய். தறி பார்க்கப் போகிறோம் என்றதும் ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “இன்னிக்கா சார்?” என்றார். அந்தக் கேள்வியில் இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. ஏகாம்பரநாதர் கோபுரத்தை யாழினிக்குக் காட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

10.10. தெருவில் இறங்கியபோது சத்தமே இல்லை. ஒரு வீட்டு வாசலில் இரண்டு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சங்கர் வெளியே வந்தார். முப்பது வயதிருக்கும். தோளில் பத்து மாதக் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

“இன்னிக்கி அமாவாச சார். தெருவுல ஒரு தறியும் ஓடாது. நீங்க போன்ல தேதி சொன்னீங்க, நானும் செரின்னேன். அமாவாசன்னு சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி கௌரியின் குரல் வந்தது. “சார் காலண்டரப் பாத்து வந்தாரு, நெலாவப் பாக்கல. வுடுங்க, ஒக்காரச் சொல்லுங்க.”

இந்த ஊர் நெசவாளர்களுக்கு வார விடுமுறை கிடையாது, அமாவாசைதான் விடுமுறை. அன்று தறிக்குழியில் கால் வைப்பதில்லை, நூலை இறுக்கும் பலகையைத் தொடுவதில்லை. இருபது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு அந்த ஒன்று தோன்றவில்லை. யாழினி என்னைப் பார்த்த பார்வையை நோட்டில் எழுதவில்லை.

திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் அந்த வீட்டின் நிலைமை புரிந்தது. மறுநாள் காலை செங்கல்பட்டில் கௌரிக்கு அரசு வேலைக்கான தேர்வு. எட்டு மாதமாகக் குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டும் படித்து வந்திருக்கிறார். இன்னும் ஒரு பாடம் பாக்கி. குழந்தை கபிலன் தினமும் பதினொன்றுக்குத் தூங்கி ஒரு மணிக்கு விழிப்பானாம். ஆனால் அமாவாசை அன்று மட்டும் கண்ணை மூட மாட்டான். பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவன்.

“மாசத்துல ஒரு நாள்தான், சமாளிச்சுக்கலாம்னு வுட்டுட்டோம்” என்றார் சங்கர். “அந்த ஒரு நாளு இன்னிக்கி வந்து வுழுந்துது.”

பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப்போனால் அம்மாவைத் தேடி அழுகிறான். தெருவில் உலாத்தினால் கேரம் காய்களைப் பார்த்துக் குதிக்கிறான். சங்கர் தன் கைப்பேசியில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தார். அவர் தறி ஓடும் காட்சி, வாடிக்கையாளர்களுக்காக எடுத்தது. குழந்தையைத் தூளியில் போட்டு, சத்தத்தை முழுதாக வைத்து அதன் பக்கத்தில் பிடித்தார். அழுகை நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். குழந்தை எழுந்து உட்கார்ந்து கைப்பேசியைக் கேட்டான். கொடுக்காததற்கு முன்னைவிடப் பலமாக அழுதான்.

11.50. கௌரி புத்தகத்தை மூடிவிட்டார். “நான் எழுதி இன்னா ஆவப்போவுது, வுடுங்க” என்றார். சங்கர் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

யாழினி தூளியைச் சுற்றிவந்து கொண்டிருந்தாள். தறியின் தலைக்கு மேலே, டிசைன் அட்டைகள் கோத்த ஜக்கார்டு பெட்டியைத் தாங்கும் கனமான மரச்சட்டம் ஒன்று இருந்தது. அதன் நீண்ட முனையில்தான் தூளி கட்டியிருந்தது. தூளியின் மேல் ஒரு பிளாஸ்டிக் கிளி தொங்கியது.

“அங்கிள், தறி ஓடும்போது இந்தக் கிளி ஆடுமா?”

“ஆடிக்கினே இருக்கும்மா.”

“இப்ப ஆடவே இல்லையே.”

சங்கர் கிளியைப் பார்த்தார். பிறகு சட்டத்தைப் பார்த்தார். பலகை ஒவ்வொரு முறை நூலை இறுக்கும்போதும் சட்டம் அதிரும். அந்த அதிர்வு தூளிக்குள்ளும் போகும். பத்து மாதக்காரன் காதால் மட்டும் தூங்கவில்லை, முதுகாலும் தூங்கியிருக்கிறான்.

ஆனால் சட்டத்தைத் தாங்கும் கம்பமும் தறியில் சேர்ந்ததுதான். அதைத் தொடலாமா என்று சங்கர் தயங்கினார். கௌரி ஒரே நொடியில் தீர்ப்புச் சொன்னார். “குழியில எறங்காதீங்க, பலகையத் தொடாதீங்க. கம்பத்தத் தட்டறதுக்கு அமாவாசையாவது ஒண்ணாவது. போன அமாவாசைக்கிப் பூன வந்து அத இடிச்சுதே, அதுக்கு இன்னா சொன்னீங்க?”

சங்கர் தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கம்பத்தைத் தட்டினார். கிளி ஆடியது. கபிலன் விசும்பலை நிறுத்திக் கூரையைப் பார்த்தான். பத்து நிமிடத்தில் கண் சொருகியது. சங்கர் கையை எடுத்தார். உடனே கண் திறந்தது. மீண்டும் தட்டினார்.

12.15. கௌரி பின்னறைக்குப் புத்தகத்தோடு போனார். நாங்கள் மூவரும் முறை வைத்துக்கொண்டோம். என் முறையில் குழந்தை நெளிந்தான். நான் கடிகாரம்போல ஒரே சீராகத் தட்டியிருக்கிறேன்.

“சார், இது ரயிலு ஓடற மாதிரி இருக்குது” என்று சங்கர் கிசுகிசுத்தார். “மூணு அடி. அப்பறம் கரைக்கு நாடா மாத்தணும் இல்ல, அங்க ஒரு மூச்சு வுடணும்.”

நாடா என்பது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை. சேலையின் உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. மாற்றும் அந்த இடைவெளியையும் குழந்தை அறிந்திருந்தான். மூன்று அடி, ஒரு மூச்சு. நெளிவது நின்றது. யாழினி என்னைவிட நன்றாகத் தட்டினாள். சங்கரின் முறை வந்தபோது கைப்பேசியைக் கம்பத்தடியில் வைத்து நான்கு நிமிடம் பதிந்துகொண்டாள்.

1.50. கௌரி வந்து எட்டிப் பார்த்தார். கபிலன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். பாடம் முடிந்துவிட்டது என்று கையால் காட்டினார். நாளைக்கு அம்மா இல்லாமல் எப்படி என்று நான் தாழ்ந்த குரலில் கேட்டேன்.

“நாளைக்கித் தறி ஓடும் சார். அவனுக்கு அது போதும்” என்றார். பிறகு கணவரைப் பார்த்து, “இவருக்குத்தான் நான் இல்லாம கஷ்டம்.”

மோர் குடித்துவிட்டு, மூன்று மணிக்கு விடைபெற்றோம். கோயில் நடை நான்கு மணிக்குத்தான் திறக்கும், எங்கள் ரயில் 4.05. கோபுரத்தை வெளியிலிருந்தே கும்பிட்டுக்கொண்டோம்.

ரயிலில் யாழினி கேள்வித்தாளை நிரப்பினாள். ‘தொழிலின் பெயர்’ என்ற இடத்தில் ‘பாப்பாவைத் தூங்க வைத்தல்’ என்று எழுதினாள். திருத்த வாய் திறந்தேன், திருத்தவில்லை. பிறகு கேட்டாள், “பாப்பாவா இருந்தப்ப நான் எதக் கேட்டுப்பா தூங்குவேன்?”

அவள் முதல் பல் முளைத்த தேதி எனக்குத் தெரியும். முதல் அடி வைத்த மணி தெரியும். எல்லாம் நோட்டில் இருக்கிறது. இது இல்லை. வீட்டுக்குப் போன் செய்து என் மனைவி சுமதியிடம் கேட்டேன்.

“ஞாபகம் இல்லையா? தோள்ல போட்டுக்கிட்டு ஹால்ல நடந்துக்கிட்டே ரயில்வே அட்டவணையைச் சத்தமாப் படிப்பீங்க. விழுப்புரம் வர்றதுக்குள்ள தூங்கிடுவா” என்றாள்.

யாழினியிடம் சொன்னேன். நம்பாமல் சிரித்தாள். என் தோளில் சாய்ந்து, “படி பாக்கலாம்” என்றாள்.

நோட்டை எடுத்துக் காலையில் வந்த வரிசையைத் திருப்பிப் படித்தேன். காஞ்சிபுரம் கிழக்கு. நத்தப்பேட்டை. வாலாஜாபாத். ஒரு மூச்சு விட்டேன். பழையசீவரம். வில்லியம்பாக்கம். ரெட்டிப்பாளையம் என்று சொன்னபோது தோள் கனத்தது. வெளியே இன்னும் வாலாஜாபாத்கூட வரவில்லை. செங்கல்பட்டு என்று முடித்துவிட்டு, அவள் விழித்துக்கொள்ளக்கூடாது என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.