முதல் மூன்று மாதமும் தாங்கித் தண்ணீரும்

இலங்கையில், கிளிநொச்சிக்குப் பக்கத்து உருத்திரபுரத்துக்கு வந்து ஏழாவது மாதத்தில் எனக்கு நாள் தள்ளிப்போனது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து, அருவருப்பு இல்லாத பொருள் என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. பக்கத்து வளவில் நெல் அவிக்கிற வாடை, மாமி தலைக்கு வைக்கிற நல்லெண்ணெய், கணவரின் சட்டைக் கழுத்து, வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாளி, எல்லாமே வயிற்றைப் பிரட்டின. என் எச்சிலையே என்னால் விழுங்க முடியவில்லை. ஒரு தகர டப்பாவைக் கையோடு வைத்துக்கொண்டு துப்பினேன். இரண்டு நாளில் அந்த டப்பாவைப் பார்த்தாலே குமட்டியது.

நான் திருச்சிப் பக்கத்துக்காரி. கணவர் இந்த ஊர்ப் பிள்ளை. சண்டை நேரத்தில் பத்து வயதில் சித்தி குடும்பத்தோடு படகேற்றி அனுப்பப்பட்டு, எங்கள் ஊருக்கு அருகில் இருந்த அகதி முகாமில் வளர்ந்தவர். கல்லூரியில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். இங்கே அவருடைய அப்பா இறந்து, அம்மா, என் மாமி, தனியாகிவிட்டார். அவரையும் வயலையும் பார்க்கவேண்டும் என்று கணவர் கிளம்பியபோது நானும் கிளம்பினேன். அங்கேயும் தமிழ்தானே, என்ன பெரிய வெளிநாடு என்றுதான் நினைத்தேன். உடம்புக்கு முடியாமல் போனபோதுதான் வெளிநாடு என்று உறைத்தது.

முதல் தடவை வாந்தி எடுத்துவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். மாமி வந்து பார்த்தார்.

“சத்தி எடுத்தனீரோ பிள்ளை?”

“சக்தியா? எழுந்து நிக்கக்கூட இல்லை மாமி.”

மாமி சிரித்தார். சத்தி என்றால் இங்கே வாந்தி. அதை எனக்குப் புரியவைப்பதற்குள் நான் இன்னொரு தடவை எடுத்தேன்.

கர்ப்பிணிகளை வீட்டுக்கு வந்து பார்க்கும் அந்தப் பகுதிக் குடும்பநல மாது ஸ்கூட்டியில் வந்தார். ஊரில் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கர்ப்பிணி அட்டையை எடுத்து, அடையாள அட்டை இலக்கம் கேட்டார். என்னிடம் அது இல்லை. கடவுச்சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த இலக்கத்தையே எழுதிக்கொண்டார்.

“எந்த நாட்டுக் கடதாசி எண்டாலும் வயித்துக்குள்ள இருக்கிறது பிள்ளைதானே,” என்றார். ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தார். “விடிய எழும்ப முன்னம் படுக்கையிலை இருந்தே ரண்டு பிஸ்கட் சாப்பிடுங்கோ. ஒரேயடியாய்த் தண்ணி குடிக்காதேங்கோ, கொஞ்சம் கொஞ்சமாய்க் குடியுங்கோ. சலம் கடும் மஞ்சளாய்ப் போனால் உடனை எனக்குப் போன் அடியுங்கோ.” மாமி கொடுத்த தேநீரை முழுவதும் குடித்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடி செய்து, பத்து நாள் சமாளித்தேன். அதன் பிறகு தண்ணீர் நாறத் தொடங்கியது.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்தான். கிணற்றிலிருந்து மோட்டார் இறைத்து, கொங்கிரீட் தூண்களின் மேல் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கியில் விழும். அங்கிருந்து குசினி என்று இவர்கள் சொல்கிற சமையலறைக் குழாய்க்கும் குளியலறைக்கும் வரும். குடிப்பதற்கு மாமி அதைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத் தருவார். ஒருநாள் காலை அந்தத் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனபோது, இறைச்சி கழுவிய தண்ணீர் போல ஒரு இனிப்பு நாற்றம் அடித்தது. அப்படியே வைத்துவிட்டேன்.

“மாமி, தண்ணி நாறுது.”

மாமி வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். “ஒண்டும் இல்லையே பிள்ளை. நல்லாய்க் கொதிக்க வச்சது.”

மாலையில் கணவரிடம் நீட்டினேன். அவர் மாங்குளத்தில் ஒரு கட்டட வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். விடியுமுன் போய், திரும்பும்போது வாய்க்காலில் குளித்துவிட்டு வருவார். முகர்ந்து பார்த்தார்.

“இரும்பு வாடை. கிணத்துத் தண்ணி அப்படித்தான் இருக்கும். இந்த நேரத்துல உனக்கு எல்லாமே நாறும்,” என்றார்.

அம்மாவிடம் தொலைபேசியில் அழுதேன். அவள் பப்பாளி தொடாதே, அன்னாசி தொடாதே என்று தொடங்கி, “எனக்கும் உன்னைச் சுமந்தப்ப தண்ணிதான் ஆகலை. சகிச்சுக்கோ,” என்று முடித்தாள். மூன்று பேர் சொன்னபிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சகித்துக்கொள்ளப் பார்த்தேன். சோற்றில் அந்த நாற்றம் இருந்தது. குளித்த பிறகு கூந்தலில் இருந்தது. பல் துலக்கும்போது வாயில் ஒரு மயிர் சிக்கியது. குட்டையானது, சாம்பல் நிறம். கூந்தல் மயிராக இருக்கும் என்று துப்பிவிட்டுக் கொப்பளித்தேன். அதே தண்ணீரில்தான் கொப்பளித்தேன்.

ஒரு மதியம் தாங்கமுடியாமல் மறுபடி சொன்னேன். மாமிக்குக் கோபம் வந்தது. அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

“பிள்ளை, கடைசிச் சண்டைக்கை நாங்கள் பங்கருக்குள்ள நிண்ட தண்ணியைச் சீலையாலை வடிச்சுக் குடிச்சனாங்கள். அதுக்குள்ள என்ன கிடந்ததெண்டு நான் உமக்குச் சொல்ல மாட்டன். குடிச்சுத்தான் உயிரோடை இருக்கிறன். இது கொதிச்சு ஆறின தண்ணி.”

அதற்குமேல் நான் என்ன சொல்ல? வெட்கமாக இருந்தது. வசதியாக வளர்ந்தவளின் கொழுப்பு என்று நினைத்துவிட்டாரோ என்று கூசிப்போனேன். அன்றிலிருந்து குறை சொல்வதை நிறுத்தினேன், குடிப்பதையும் நிறுத்தினேன். மாமி தருகிற தம்ளரை வாங்கி, அவர் திரும்பியதும் வாழையடியில் ஊற்றுவேன். இளநீர் கிடைத்தால் குடித்தேன். கிடைக்காத நாளில் தோடம்பழம் என்கிற ஆரஞ்சு ஒன்றைச் சூப்பினேன். சிறுநீர் தேயிலைச் சாயம் போல் போனது. மிஸ் சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் காரணம் சொல்லவேண்டி வருமே.

அந்த வாரமே ஒரு காலையில் குசினி வாசலில் கண் இருண்டு விழுந்தேன். கணவர் அன்று வழக்கத்தைவிடப் பிந்தி, அப்போதுதான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு மிஸ்ஸைக் கூப்பிட்டார். அவர் வந்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். “தண்ணி குடிக்கிறேல்லையோ?” என்றார். நான் மாமியைப் பார்த்தேன்.

மாமி வழக்கம்போல் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். மிஸ் ஒரு வாய் வைத்தார். அந்த வாயை விழுங்கவில்லை. எழுந்து முற்றத்துக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“தம்பி, எப்ப கடைசியாய்த் தாங்கியைத் திறந்து பாத்தனீங்கள்?”

“ஏன் மிஸ்?”

“ஏறிப் பாருங்கோ.”

கணவர் ஏணியை வைத்து ஏறினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்கியின் மூடி ஒரு பக்கமாக விலகிக் கிடந்தது. குரங்குகள் தண்ணீருக்காகத் திறந்திருக்கும். கணவர் உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே முகத்தைத் திருப்பி, ஏணியில் நின்றபடியே வாந்தி எடுத்தார்.

உள்ளே ஒரு மரநாய். உப்பி, தோல் கழன்று, மயிர் தனியாகப் படலம் போல மிதந்ததாம். கம்பால் தூக்கியபோது இரண்டாகப் பிய்ந்துபோனது. கீழே விழுந்ததை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அதை நாங்கள் கொதிக்கவைத்துக் குடித்திருக்கிறோம், அரிசி களைந்திருக்கிறோம். என் வயிற்றில் வளர்வதற்கும் அதுதான் போயிருக்கிறது. எனக்கு வாந்தி வரவில்லை. வெளியேற்ற வயிற்றில் எதுவும் இல்லை.

“முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா?” என்றார் கணவர், வாயைத் துடைத்துக்கொண்டு.

“சொன்னேன்,” என்றேன்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். இரத்தமும் சலமும் எடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் உண்டா, வயிற்றோட்டம் உண்டா என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்டார்கள். இரண்டும் வரவில்லை. கொதிக்கவைத்தது காப்பாற்றியிருக்கிறது, ஆனால் தண்ணீர் குடிக்காமல் இருந்ததுதான் உங்களை இங்கே கொண்டுவந்தது என்று டாக்டர் அம்மா திட்டினார். ஸ்கேனில் ஒரு சிறு புள்ளி துடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

மாமி என் கட்டிலருகே இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் பின்னேரம், யாரும் இல்லாத நேரத்தில் சொன்னார்.

“எனக்கு மணம் தெரியாது பிள்ளை.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“சண்டை முடிஞ்சு முகாமிலை காய்ச்சல் வந்து கிடந்தனான். எழும்பினாப் பிறகு ஒண்டும் மணக்கேல்லை. முதல் எனக்குச் சந்தோசம். அங்கை இருந்த மணத்துக்கு, மணக்காமல் விட்டது நல்லதெண்டு நினைச்சன். பிறகு திரும்பி வரேல்லை. மகனுக்கும் சொல்லேல்லை. நீர் தண்ணி நாறுது எண்டேக்கை, எனக்குத் தெரியாதெண்டு சொல்ல ஒரு மாதிரிக் கிடந்தது. அதுதான் ஏசினனான்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. தொண்டையில் இன்னும் அந்த இனிப்பு நாற்றம்தான் இருந்தது. “சொல்லியிருக்கலாம் மாமி,” என்று மட்டும் சொன்னேன். “ஓம்,” என்றார்.

கணவர் தாங்கியைக் குளோரின் போட்டு மூன்று தடவை கழுவி, மூடியைக் கம்பியால் கட்டினார். பானை சட்டிகளை மாமி வெந்நீரில் போட்டெடுத்தார். தேநீர்க் கேத்தலைத் தூக்கி எறிந்துவிட்டார். இருந்தும் பிரசவம்வரை நான் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை. கிணற்றிலிருந்து நேரே வாளியில் இறைத்து, என் கண்முன் காய்ச்சி, என் கையாலேயே ஆறவைத்தேன். வீட்டில் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

மகள் நல்லபடி பிறந்தாள். ஆனால் அதற்கு முந்திய அந்த மாதங்களில் எனக்கு வீட்டில் ஒரு வேலை வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், மாமி மீன்காரனிடம் வாங்கிய பாரை மீனைச் சட்டியோடு என் மூக்கருகே நீட்டினார்.

“ஒருக்கா மணந்து பாரும் பிள்ளை. பழுதோ?”

அதன் பிறகு பாலும் வரும், தேங்காயெண்ணெயும் வரும், நேற்றுக் குழம்பும் வரும். அன்று அந்த மீனை, மூச்சை ஆழ இழுத்து, ஒழுங்காக மணந்தேன். “நல்ல மீன் மாமி,” என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.