ஒடசல் பதித்த தரை

பாஞ்சாலையைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் நல்லபடியாகப் பேசி நான் கேட்டதில்லை. புருஷன் செத்த வருஷமே பீங்கான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்கு ஒரு பேச்சு. வேலை விட்டு வரும்போது நிமிர்ந்து நடந்தாள்; அதற்கும் ஒரு பேச்சு. நானும் அவளும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து டீ கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டினோம். வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவளைப் பற்றி என்ன பேச்சு கிளம்பினாலும் முதலில் என்னிடம்தான் வரும்.

விருத்தாசலத்தில் சூளைகள் பெருகிய காலம் அது, அறுபத்தைந்து அறுபத்தாறு இருக்கும். சூளையைத் திறந்தால் நல்லதும் வரும், வெடித்ததும் வரும். வெடித்த ஒடசலையெல்லாம் எங்கள் கம்பெனிக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஓடையில் கொட்டினார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. உடைந்த பாத்திரம் வீட்டில் இருந்தால் குடும்பம் விளங்காது, தூரத் தூக்கி எறியணும் என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள்? மண்சட்டி உடைந்தால் எறிவோம். அது நாளாவட்டத்தில் நொறுங்கி மண்ணோடு போய்விடும். பீங்கானும் அப்படித்தான் என்று எங்களுக்கு நினைப்பு. அதுவா போகும்! கொட்டியது கொட்டியபடியே பளபளவென்று கிடந்தது. ஓடை தூர்ந்தது. மழைத் தண்ணீர் கரையை மீறி, சில்லுகளையும் இழுத்துக்கொண்டு வயல்களுக்குள் பாய்ந்தது.

ஓடைக்குக் கீழே பாஞ்சாலைக்கு அரைக்காணி நிலம். நடவுக்கு இறங்கிய பெண்கள் காலைக் கிழித்துக்கொண்டு கரையேறினார்கள். அடுத்த நடவுக்கு அவள் கூப்பிட்டபோது ஒருத்தியும் வரவில்லை.

நேராகக் கம்பெனிக்காரரிடம் போய், ஓடையில் கொட்டக்கூடாது என்றாள். வேறு எங்கே கொட்டுவது, உன் வீட்டிலா என்று அவர் சிரித்தார்.

"கொட்டுங்க" என்றாள் பாஞ்சாலை.

அவர் அங்கே கொட்டவில்லை, ஓடையில்தான் கொட்டினார். இவளே அன்று சாயங்காலம் கூடையோடு ஓடையில் இறங்கினாள். தினமும் வேலை முடிந்ததும் அதே வேலை. பொறுக்கியதைத் தட்டி, சுண்ணாம்பும் மணலும் குழைத்து, தன் வீட்டு மண்தரையில் பதித்தாள். வெள்ளை வெளேரென்று தரை; நடுநடுவே கோப்பை விளிம்பின் நீலப்பூ. மழைக்காலத்தில் எங்கள் வீடெல்லாம் ஓதம் ஏறிக் கிடந்தபோது அவளும் மகள் நீலாவதியும் காய்ந்த தரையில் படுத்தார்கள். எனக்கு வயிறெரிந்தது உண்மை. ஆனாலும் ஒரு சில்லைக்கூட என் வீட்டுக்குள் கொண்டுவர எனக்குத் துணிச்சல் இல்லை.

எதிர்வீட்டுப் பெரியம்மாளின் எருமை செத்தது. பாஞ்சாலை வீட்டு ஒடசல்தான் காவு வாங்கியது என்று குழாயடியில் கதை கட்டிவிட்டாள் பெரியம்மாள். அதோடு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தத் தரை, பஸ்ஸைத் தவறவிட்டாலும் அந்தத் தரை. எதற்கு அக்கா வம்பு, பெயர்த்துவிடேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"வூட்டுல ஒடைஞ்சது ஒண்ணு இல்லாதப்பதான் எம் புருஷன் செத்தாரு, தங்கம். அதுக்கு எந்தச் சட்டி மேல பழி போடுறது? இந்தக் கதைய மொதல்ல சொன்னவங்க பீங்கானையே பாத்திருக்க மாட்டாங்க" என்றாள்.

அப்படிப்பட்டவளும் ஒருநாள் இறங்கிப் போனாள். சேத்தியாத்தோப்பிலிருந்து நீலாவதியைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி. சாப்பாட்டுக்குக் குறைவில்லாத நெல் குடும்பம். மகள் நல்ல இடத்தில் வாழணும் என்பதைத் தவிர பாஞ்சாலைக்கு வேறு ஆசை கிடையாது. காலையிலேயே என்னிடம் ஜமக்காளம் கேட்டு வாங்கிப் போய், தரை ஒரு விரல் அளவுகூடத் தெரியாமல் விரித்தாள். பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அவர்கள் தெருமுனையில் வரும்போது நீலாவதி உள்ளே இருந்து வந்தாள். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜமக்காளத்தைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். பாஞ்சாலை பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வுடும்மா. அங்க போயி எதெது மேல ஜமக்காளம் விரிச்சிக்கினு இருக்கறது?" என்றாள் நீலாவதி.

மாப்பிள்ளையின் தாயார் ராஜாம்பாள் வாசற்படியில் கால் வைத்தார், தரையைப் பார்த்தார், காலை எடுத்துக்கொண்டார். ஒடசல் மேல் வளர்ந்த பெண் எங்களுக்கு ஆகாது என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார். காபி ஆறிப் போனது. பாஞ்சாலை அழவில்லை, மகள் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. எங்கள் தெருப் பெண்ணை, எங்கள் தெருவிலேயே நின்று வேண்டாம் என்று சொல்ல இவள் யார் என்று பெரியம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எருமைக் கதை சொன்ன அதே வாய், குழாயடியில் நீலாவதி ஜமக்காளம் சுருட்டிய கதையைச் சொன்னது. சொல்லச் சொல்ல நீலாவதி உயர்ந்துகொண்டே போனாள். ஒரு கதையைக் கொண்டாடிவிட்டு அந்தத் தரையை மட்டும் எப்படித் திட்டுவது? மழை பிடிக்கும் முன்னே பெரியம்மாள் கூடையோடு ஓடையில் இறங்கினாள். பிறகு தெருவே இறங்கியது. ஒடசலைக் கம்பெனி வாசலிலேயே கொட்டும்படி நாங்கள் கொட்டகையில் கை கட்டி உட்கார்ந்தோம்; கம்பெனிக்காரர் வழிக்கு வந்தார். எழுபதில் ஓடைத் தண்ணீர் ஓடை வழியே போனது. பாஞ்சாலை வயலில் நானும் நடவு நட்டேன்.

மறுவருஷம் நீலாவதிக்குப் பெண்ணாடத்தில் மாப்பிள்ளை அமைந்தது. டிராக்டர் ஓட்டுகிறவர், வீட்டில் மண்தரை. சீர்வரிசை கிளம்பும்போது பாஞ்சாலை ஒரு கூடை கொண்டுவந்தாள். நிறைய நீலப்பூ ஒடசல். இதுதான் முதலில் போகணும் என்றாள். தரையில் பதிப்பது வேறு, நல்ல காரியத்தில் உடைந்ததை முன்னால் கொண்டுபோவதா என்று பெரியம்மாளே பின்வாங்கினாள். சீரைக் கழுத்தில் தாலி உள்ளவள்தான் தூக்க வேண்டும்; உடைந்ததைத் தூக்கினால் அவள் புருஷனுக்கு ஆகாது என்பார்கள். பாஞ்சாலை என்னைப் பார்த்தாள்.

"தூக்குறியா தங்கம்?"

வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன், கூடையைப் பார்த்தேன். தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்களும் ஒடசல் பதித்துவிட்டோம். அதன் மேல்தான் மனுஷர் இப்போது குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.