நெயில் பாலிஷ் பொட்டு வைத்த பந்தயக் கார்

1. கறிவேப்பிலை முளைத்த சீட்

நான் ஸ்ப்ரே பெயிண்டர். எங்கள் பட்டறைக்கு எத்தனையோ பழைய கார்கள் வந்திருக்கின்றன. டிரைவர் சீட்டில் கறிவேப்பிலைச் செடியோடு வந்து இறங்கியது ஒன்றே ஒன்றுதான்.

செம்பவாங்கில் செடி விற்கும் நர்சரி ஒன்றை மூடியபோது, எங்கள் பட்டறை முதலாளி சண்முகம் அதைப் பார்த்துத் தூக்கி வந்தார். உள்ளே நிரப்பியிருந்த மண்ணை அள்ளி வெளியே போட்டால், அறுபதுகளில் தாம்சன் சாலையில் கார்ப் பந்தயம் நடந்த காலத்துக் கார்! அலுமினிய பாடி, ஒற்றை சீட், இன்ஜின் மட்டும் இல்லை. முதலாளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் ஒரு வில்லங்கம். இந்த மாதிரியில் இங்கே இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று, கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மணியம் தானே செய்து, ஓட்டி, ஜெயித்தது. மற்றது, அதைப் பார்த்து வேறொருவர் செய்த நகல். மணியத்தின் கார் எப்போதோ இரும்புக்கடைக்குப் போய்விட்டதாகத்தான் பேச்சு. பழைய கார் அணிவகுப்பு நடத்துகிறவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இது மணியத்தின் கார் என்று நிரூபித்தால் ஊர்வலத்தில் முதல் இடம், அவரே அதில் உட்காரலாம். இல்லையென்றால் நகல் என்று அட்டை மாட்டி ஓரமாக நிறுத்துவார்களாம்.

2. தின்னர் துணி

மணியம் எண்பதைத் தாண்டியவர். பார்வை மங்கிவிட்டது. முதலாளி கூப்பிட்டதும், காரை அடையாளம் காட்ட, தங்கை ராஜம் அவரை ஈசூனிலிருந்து டாக்சியில் அழைத்து வந்தார். அணிவகுப்புக்காரர்கள் அனுப்பிய பரிசோதகர் டானும் வந்து நின்றார். நான் டாஷ்போர்டின் பின்பக்கத்தைத் துடைக்கத் துணியைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்துக்கொண்டிருந்தேன். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

"பாய்! அந்தத் துணிய கீழ போடுங்க!" என்று ராஜம் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

"ஏன்க்கா? சும்மா கிளீன் பண்றேன் லா."

"அண்ணன் ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னாடி அங்க ஒரு பொட்டு வைப்பாரு. குங்குமம் வேர்வையில கரையுதுன்னு என் நெயில் பாலிஷ திருடி வைப்பாரு. தின்னர் பட்டா எல்லாம் போச்சு!"

துணியைத் தூரப் போட்டேன். நெயில் பாலிஷுக்குத் தின்னர் எமன் என்று தெரியாதவனா நான்?

மணியம் டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டார். விரல் மெல்ல நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது.

"இருக்கு ராஜம். வரிசையா இருக்கு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். பிற்பாடு யாரோ அடித்த சாம்பல் பெயிண்டுக்கு அடியில் சின்னச் சின்னப் புடைப்புகள். நைசான வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளை நனைத்து, ஒன்றின் தலையை மட்டும் தேய்த்தேன். சிவப்பு! சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நகல் செய்தவருக்கு இந்தப் பொட்டுச் சங்கதி தெரிய வழியே இல்லை. டான் குனிந்து பார்த்துவிட்டு மணியத்தின் கையைக் குலுக்கினார். "அங்கிள், யூ கோ ஃபர்ஸ்ட் லா!"

3. புதுப் பொட்டு

அணிவகுப்பு நாளில், சிராங்கூன் சாலையில் வாங்கிய நெயில் பாலிஷை ராஜம் நீட்டினார். "இந்தா, இந்த வாட்டி திருட வேணாம்."

மணியம் பிரஷை எடுத்தார். கை ஆடியது. என்னிடம் கொடுத்தார். "நீங்க வைங்க பாய். பெயிண்டர் கை நடுங்காது."

நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் வைத்தேன். நான் செய்த பெயிண்ட் வேலைகளிலேயே சின்னது அதுதான், பெரியதும் அதுதான்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய வண்டி வந்தால் தின்னர் டின்னைத் திறக்கும் முன், அதோடு வாழ்ந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இன்ஜின் இல்லாத காரை நாங்கள்தான் தள்ளினோம். எல்லாக் கார்களும் பின்னால் வர, மணியம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முதலில் போனார். கூட்டம் கைதட்டியது. நான் மூச்சு வாங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது முன்னாலிருந்து சத்தம் வந்தது.

"பாய், இன்னும் ஸ்பீடா தள்ளுங்க லா! பின்னாடி எவனோ ஓவர்டேக் பண்ணப் பாக்கிறான்!"