பாதி சிலிண்டர் காற்று

ராயபுரம் கமாலுதீன் பதினோரு வருஷம் மாலத்தீவு ரிசார்ட் ஒன்றில் வெள்ளைக்காரர்களுக்குக் கடலடியில் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தவன். விடிந்ததும் சிலிண்டர்களில் காற்று நிரப்புவதும் அவன் வேலைதான். ஜெனரேட்டர் புகை வராத பக்கமாகப் பார்த்து, காற்றை இழுக்கும் குழாயைத் திருப்பி வைப்பான். பிறகு ஒவ்வொரு சிலிண்டரையும் லேசாகத் திறந்து மோந்து பார்ப்பான். எண்ணெய் வாடை துளி அடித்தாலும் அது திரும்ப நிரப்பப் போய்விடும்.

கொரோனா ரிசார்ட்டை மூடியது. ஊர் திரும்பியவனுக்குக் கிடைத்தது, துறைமுகத்தில் கப்பலடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டும் வேலை. அதே மனித நுரையீரல்தான், அதே காற்றுதான். ஆனால் காண்டிராக்டரின் படகில் காற்று நிரப்பும் காம்ப்ரசரின் இழுகுழாயை டீசல் என்ஜின் பக்கத்திலேயே கட்டியிருந்தார்கள். கமாலுதீன் தினமும் அவிழ்த்துத் தள்ளிக் கட்டுவான்; சிலிண்டரை மோந்து பார்ப்பான்.

"இன்னா பாய், பிரியாணியா அது? மோந்துகினே கீறே!" என்றான் மேஸ்திரி. படகே சிரித்தது.

கூட்டாளி அலெக்ஸாண்டரும் சிரித்தான். "வுடு மாமு. நாத்தம் புடிச்ச தண்ணில எறங்குறவனுக்கு மூக்கு எதுக்கு?"

கமாலுதீனுக்கு வெட்கமாகிவிட்டது. அன்று ஒருநாள் அவன் குழாயைத் தொடவில்லை. மோந்தும் பார்க்கவில்லை.

அலெக்ஸாண்டர் இறங்கிய இருபது நிமிஷத்தில், மேலே கமாலுதீன் கையிலிருந்த சைகைக் கயிறு பேசுவதை நிறுத்தியது. இழுத்து மேலே போட்டபோது அலெக்ஸாண்டரின் உதடு நீலம் பாயவில்லை. சாயம் பூசியதுபோல் சிவந்திருந்தது. புகை குடித்த ரத்தம் அப்படித்தான் சிவக்கும் என்று மாலத்தீவில் படித்துத் தேர்வெழுதியிருந்தான் கமாலுதீன். சிலிண்டர் வால்வை இறுக்கி மூடினான். உள்ளே பாதிக் காற்று மிச்சம். சிலிண்டரைத் துண்டில் சுற்றி, தன் வீட்டுக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

"குடிச்சிட்டு எறங்கினான்" என்றார் காண்டிராக்டர். தண்ணீரில் மூழ்கிச் சாவு என்று மருத்துவமனை எழுதியது; ரத்தத்தில் புகை இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. கடல் பலி வாங்கிவிட்டது என்று தெரு பேசியது. கடல் யாரையும் பலி கேட்கவில்லை. கேட்க வேண்டியது அந்தக் குழாயைக் கட்டிய கையை. அதை ஒருவரும் கேட்கவில்லை. மறுநாளே காம்ப்ரசர் சாத்தாங்காட்டு இரும்புக் கடைக்குப் போய்விட்டது. மிஞ்சிய ஒரே சாட்சி அந்தப் பாதி சிலிண்டர்.

அலைந்து, தொழிலாளர் ஆபீசில் ஒரு அதிகாரியிடம், அந்தக் காற்றைச் சோதிக்கச் சொல்லிக் கடிதம் வாங்கினான். திங்கட்கிழமை சிலிண்டரோடு வரச் சொன்னது ஆய்வகம். அதற்குள் மேஸ்திரி அவன் வீட்டைக் குடைந்துவிட்டுப் போகவே, சிலிண்டரை அலெக்ஸாண்டரின் மனைவி ஜானட்டிடம் கொண்டுபோய் வைத்தான். எப்படி மோந்து பார்ப்பான், அன்று ஏன் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். "இதைத் தொடாதம்மா" என்றும் சொன்னான்.

திங்கட்கிழமை காலையில் போனபோது ஜானட் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சிலிண்டர் ஜில்லிட்டு, உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. கமாலுதீன் காற்றளவு காட்டும் முள்ளைப் பார்த்தான். பூஜ்யம்.

"மோந்துட்டேன் கமாலண்ணா."

அவன் வால்வைத் திருகிப் பார்த்தான்; ஒரு சீறலும் இல்லை.

"குடிகாரன் பொண்டாட்டின்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாளுங்க. ரெண்டு வருஷமா வாசல்ல நிக்க வெச்சு அவரு வாய மோந்துட்டுத்தான் உள்ள வுடுவேன். எனக்குத் தெரியாதா? லேசாத்தான் தொறந்தேன். கத்துச்சு. எந்தப் பக்கம் திருப்பி மூடறதுன்னு தெரியல." கண்ணைத் துடைத்தாள். "லாரி புகை நாத்தம். சாராயம் இல்ல. அவரு குடிக்கல இல்லண்ணா?"

"குடிக்கலம்மா."

"அப்போ வாங்க, ஆபீசுக்கு. நான் சொல்றேன்."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை? காலிச் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

கடிதம் கொடுத்த அந்த அதிகாரி முழுதும் கேட்டார். "மோந்து பார்த்ததெல்லாம் சாட்சி ஆகாதும்மா. காற்று இருந்தால் கொண்டு வாங்க."

"எழுதிக்குங்க சார், லாரி புகை" என்றாள் ஜானட்.

"என்னையும் சேர்த்து எழுதிக்குங்க சார்," என்றான் கமாலுதீன். "மோந்து பார்க்கத் தெரிஞ்சவன். அன்னிக்கி பார்க்கல."

அதிகாரி பேனாவை மூடி சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.